கொல்லிமலை மூலிகையில் எய்ட்ஸ் குணமாகுமா?

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாலை. வாசலூர்பட்டியில் இந்த மழைக்கு நோயாளிகள் அதிகம் வரமாட்டார்கள். மிளகுக்கொடி சரிந்துவிட்டதா, காப்பிச் செடிக்குத் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். நானும் கடையைச் சாத்திவிடலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் நனைந்துபோய் ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். கீழ்நாட்டுக்காரர்கள். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். லாரி ஓட்டுகிறவர். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். பத்து சக்கர வண்டியை அஸ்ஸாம் வரை ஓட்டுகிறவருக்கு வளைவில் வாந்தி வருமா? எனக்கு அங்கேயே ஒரு சந்தேகம்.

மனைவியை வெளியே திண்ணையில் உட்கார வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வைத்தியருங்க... கொல்லிமலை மூலிகையில எய்ட்ஸ் சுத்தமா குணமாயிருதுன்னு சொல்றாங்களே, உங்ககிட்ட அந்த மருந்து இருக்குதுங்களா?"

"யார் சொன்னது?"

"போன்ல ஒருத்தருங்க. நாப்பத்தெட்டு நாள் லேகியம். நாப்பதாயிரம் வாங்கிக்கிட்டாரு. அது முடிஞ்சுது. இன்னொரு மண்டலம் சாப்பிடணும்ங்கறாரு. காசு இல்லீங்க. அதான் மலைக்கே நேரா வந்துட்டா கம்மியா கிடைக்கும்னு..."

வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் தடவினது போல வெள்ளைப் படை. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. மூன்று வாரமாக இருமல், ராத்திரியில் வேர்வை. மூன்று வருடமாக அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு நன்றாக இருந்தவர். 'இங்கிலீஷ் மாத்திரை உள்ளே இருந்தால் லேகியம் வேலை செய்யாது' என்று அந்த போன் ஆசாமி சொன்னதை நம்பி, மாத்திரையை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மூலிகைகளோடுதான் குடித்தனம். இந்த மலையிலும் சரி, வேறு எந்த மலையிலும் சரி, எச்.ஐ.வி. கிருமியை உடம்பை விட்டு விரட்டும் மூலிகை கிடையாது. இருந்தால் முதலில் என் கடை வாசலில்தான் போர்டு மாட்டியிருப்பேன்.

எச்.ஐ.வி. வேறு, எய்ட்ஸ் வேறு

இந்தக் குழப்பம் படித்தவர்களுக்கே இருக்கிறது. எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். எய்ட்ஸ் என்பது அந்தக் கிருமி பல வருடம் உள்ளே இருந்து, நம் எதிர்ப்புச் சக்தியைத் தின்று தீர்த்த பிறகு வரும் நிலை. கிருமி இருக்கிறவர்கள் எல்லோருக்கும் எய்ட்ஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மருந்து சாப்பிடாமல் விட்டாலும், கிருமி நுழைந்து எய்ட்ஸ் நிலை வருவதற்குப் பெரும்பாலும் எட்டு, பத்து வருடம் பிடிக்கும். அத்தனை காலமும் ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார். முகத்தைப் பார்த்தோ, நாடி பிடித்தோ சொல்ல முடியாது. நாடி பிடித்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர் என் தொழில்காரராகவே இருந்தாலும் நம்பாதீர்கள்.

நம் ரத்தத்தில் சி.டி.4 என்று ஒருவகை வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஊருக்குத் தலையாரி மாதிரி. புது ஆள் யாராவது உள்ளே வந்தால் மற்றவர்களுக்குச் சத்தம் கொடுப்பது இவர்தான். ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 வரை இருக்கும். எச்.ஐ.வி. நேராகப் போய் இந்தத் தலையாரியைத்தான் பிடிக்கிறது. எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கிவிட்டால் அது எய்ட்ஸ் நிலை. அப்போது நம் உடம்பில் சாதாரணமாகச் சும்மா கிடக்கும் பூஞ்சையும் காசநோய்க் கிருமியும் தலைதூக்கும். இந்தக் கிருமி உள்ளவர்களின் உயிரை எடுப்பதில் உலகம் முழுக்க முன்னால் நிற்பது காசநோய்தான்.

சரி, மற்ற கிருமிகளைப் போல இதையும் ஏன் ஒரேயடியாக ஒழிக்க முடியவில்லை?

நிலத்தை வைத்துச் சொல்கிறேன், எளிதாகப் புரியும். உங்கள் தோட்டத்தில் ஒருவன் வேலி தாண்டி வந்தால் விரட்டிவிடலாம். ஆனால் அவன் ரிஜிஸ்தர் ஆபீசுக்குள் புகுந்து உங்கள் பத்திரத்திலேயே தன் பெயரை எழுதிக்கொண்டால்? எச்.ஐ.வி. செய்வது அதுதான். முதலில் தன் மரபுச் செய்தியை நம் அணுவுக்குப் புரியும் பாஷையில் மாற்றி எழுதுகிறது. பிறகு அதை நம் அணுவின் மரபுப் பொருளுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அதன்பின் அந்த அணுவே கிருமியை உற்பத்தி செய்யும் தொழிற்சாலை. சில அணுக்களில் அது வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டே இருக்கும். பேதிக்குக் கொடுத்தாலோ, வாந்தி எடுக்க வைத்தாலோ, 'ரத்த சுத்தி' கஷாயம் குடித்தாலோ பத்திரத்தில் எழுதிய பெயர் அழியாது. அதனால்தான் இன்றைய ஆங்கில மருந்தாலும் கிருமியை அடியோடு எடுக்க முடியவில்லை. புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றியபோது கிருமி போய்விட்டதாக உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் இருக்கிறார்கள். அமெரிக்கரான டிமோதி ரே பிரௌன் அவர்களில் முதல் ஆள். ஆனால் அந்த மாற்று சிகிச்சையே உயிருக்கு ஆபத்தானது. எல்லோருக்கும் செய்கிற காரியமில்லை.

தமிழ்நாட்டில் முதலில் தெரிந்தது

அமெரிக்காவில் இப்படி ஒரு வியாதி இருப்பதாக 1981 ஜூனில் முதல் அறிக்கை வந்தது. கிருமியை 1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் கண்டார்கள். அதற்காக பிரான்சுவா பாரே-சினூசி, லூக் மொன்டாக்னியே இருவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. 'நம்ம ஊர்ல அதெல்லாம் வராது' என்று அப்போது இந்தியாவில் பெரிய டாக்டர்களே நினைத்திருந்தார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாமே என்று ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். நிர்மலா தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. எடுத்த ரத்தத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக நிறம் மாறின. அந்த வருடமே அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் விஷயத்தைச் சொன்னார்.

நான் சித்த மருத்துவம் படிக்கச் சேர்ந்ததும் அதே 1986-ல்தான். எங்கள் வகுப்பில் வெட்டை, மேகம் என்று பாடம் நடக்கும். பின்வரிசையில் ஒருத்தன் எழுந்து, "ஐயா, எய்ட்ஸ் சுவடியில இருக்குதா?" என்று கேட்டான். ஆசிரியர் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்று என்னைக் கேட்டால் இல்லை என்பேன். ஆப்பிரிக்காவில் சிம்பன்சிக் குரங்கிடமிருந்து இந்தக் கிருமி மனிதனுக்குத் தாவியதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டித்தான் என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. அதற்கு முன் எழுதிய சுவடியில் அது எப்படி இருக்கும்? சித்தர்கள் கண்ட உடல் மெலிவு, வெள்ளை, கிரந்தி எல்லாம் வேறு நோய்கள். இப்படிச் சொல்வதால் சித்தர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

நாமக்கல்லுக்கு என்ன தொடர்பு?

எங்கள் மலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும்தான். பாடி கட்டுவதும் இங்கே, டேங்கர் ஓட்டுவதும் இங்கே. மாதக்கணக்கில் வீட்டை விட்டுத் தள்ளியிருக்கும் வாழ்க்கை. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. அதிகமாகக் கண்டறியப்பட்ட மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்றாகப் பெயர் வாங்கியது அதனால்தான். 'லாரிக்காரன்னாலே அப்படித்தான்' என்று பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஓட்டுநர் இல்லாமல் உங்கள் வீட்டுக்கு அரிசி வராது. ஆபத்து தொழிலில் இல்லை, ஆணுறை இல்லாத உறவில் இருக்கிறது. அதை யார் செய்தாலும் ஒன்றுதான்.

இதில் அடிபட்டது யார் தெரியுமா? வீட்டை விட்டு எங்கும் போகாத பெண்கள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி அப்படிக் கணவர் மூலமாகக் கிருமி வந்தவர். வெளியே முகம் காட்டவே மக்கள் பயந்த காலத்தில், 1998-ல், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று நாட்டிலேயே முன்னோடியாக ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார். அவரைப் போல வெளியே வந்து பேசியவர்களால்தான் இன்று ஆஸ்பத்திரியில் ஓரளவு மரியாதை கிடைக்கிறது.

எப்படி வரும், எப்படி வராது

ஆணுறை இல்லாத உடலுறவு. கிருமி உள்ள ரத்தம். ஒரே ஊசியைப் பலருக்குப் போடுவது. தாயிடமிருந்து கருவிலோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலிலோ குழந்தைக்கு. அவ்வளவுதான் வழி.

ரத்தம் ஏற்றுவதில் இன்றைக்கு ஆபத்து மிகக் குறைவு. 1989 முதல் ரத்த வங்கிகளில் சோதனை படிப்படியாகக் கட்டாயமானது. ஆனாலும் 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்குக் கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நாட்டையே உலுக்கியது. தெரிந்தவர் கொடுத்தாலும் சரி, சோதிக்காத ரத்தம் கூடாது.

ஊசி விஷயத்தில் கிராமத்து ஜனங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். "ஒரு ஊசி போடுங்க சாமி" என்று கேட்டு வாங்கிக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டத்தில் சைக்கிளில் வந்து குறைந்த காசுக்கு ஊசி போட்ட ஒரு போலி டாக்டர், ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் பலருக்குக் கிருமி பரவியதாக 2018-ல் செய்தி வந்தது. உறை பிரிப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். திருவிழாவில் பச்சை குத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுதான். பத்துப் பேருக்கு ஒரே ஊசி, ஒரே மைக் கிண்ணம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சலூனில் சவரம் செய்தால் வருமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில் இந்தக் கிருமி சீக்கிரம் செயலிழந்துவிடும். சவரத்தால் வருவதற்கு வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி காய்ந்த ரத்தத்திலும் பல நாள் இருக்கும். அதனால் புது பிளேடு கேளுங்கள்.

கொசு? வராது. கொசு நம்மைக் கடிக்கும்போது தன் எச்சிலைத்தான் உள்ளே விடுகிறது, முந்தினவரிடம் குடித்த ரத்தத்தை அல்ல. மேலும் இந்தக் கிருமி கொசுவின் உடம்பில் பெருகாது. மலேரியா அப்படியில்லை, அது கொசுவுக்குள் வளரும். ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கழிப்பறை, கட்டிப்பிடிப்பது, இருமல், தும்மல், குளத்தில் குளிப்பது, எதிலும் வராது. கிருமி உள்ள பிள்ளை பக்கத்தில் உங்கள் பிள்ளை உட்கார்ந்து படித்தாலும் வராது. இதைத் தெரியாமல் அந்தப் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு அனுப்பிய கொடுமையெல்லாம் நடந்தது. இப்போது 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ, வேலையிலோ, ஆஸ்பத்திரியிலோ பாகுபாடு காட்டக் கூடாது. சம்மதம் இல்லாமல் சோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது.

நான் கொடுத்த மருந்து

இனிமேல் எழுதுவது எனக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம்.

தொண்ணூறுகளில் இதற்கு மருந்து என்று ஏழைகளுக்கு ஒன்றும் கிடைக்காது. வெளிநாட்டில் 1996 வாக்கில் கூட்டு மருந்து வந்துவிட்டது. ஆனால் அதன் விலை நம் மக்களுக்கு எட்டாத உயரம். அப்போது தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சி.என். தெய்வநாயகம், மற்ற இடங்களில் விரட்டப்பட்ட எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குச் சித்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம். இவர் அலோபதி டாக்டர் என்பது ஆச்சரியம்! நோயாளிகளுக்குப் பசி எடுக்கிறது, எடை கூடுகிறது என்று செய்தி வந்தபோது எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. உலகமே கைவிட்ட வியாதிக்கு நம்மிடம் மருந்து இருக்கிறது என்ற பெருமை.

1997-ல் என்னிடம் இருபத்தெட்டு வயது வாலிபர் ஒருவர் வந்தார். அதே மூன்றையும் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் நாலு கிலோ கூடினார். பசி எடுத்தது, தூக்கம் வந்தது. "வைத்தியரே, நீங்க தெய்வம்" என்றார். நானும் கொஞ்சம் நம்பிவிட்டேன் என்பதுதான் உண்மை. "இனி பயமில்லை" என்று என் வாயாலேயே சொன்னேன். அடுத்த வருடம் தை மாதம் மூளைக் காய்ச்சலில் போய்விட்டார். பசி வந்தது நிஜம். எடை கூடியது நிஜம். கிருமி மட்டும் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. தாம்பரத்து முயற்சியை நான் குறை சொல்லமாட்டேன். வேறு வழியே இல்லாத காலத்தில், சாகப் போகிறவர்களுக்கு ஒரு படுக்கையும் கவனிப்பும் கொடுத்தது பெரிய விஷயம். ஆனால் அந்த மருந்துகள் கிருமியை ஒழித்தன என்று நிரூபிக்கப்படவில்லை. அன்றைக்கு நான் சொன்ன 'இனி பயமில்லை'யை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

2004 ஏப்ரல் 1-ம் தேதி மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய சில அரசு மருத்துவமனைகளில் அதே தாம்பரமும் ஒன்று. ஆறு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று அந்த வாலிபரை நினைத்துக்கொள்வேன்.

அந்த மாத்திரை என்ன செய்கிறது?

இன்று பெரும்பாலானவர்களுக்குக் கொடுப்பது தினம் ஒரே மாத்திரை. உள்ளே மூன்று மருந்து: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். மேலே சொன்ன பத்திரக் கதையை நினைவில் வையுங்கள். முதல் இரண்டும், கிருமி தன் செய்தியை நம் பாஷைக்கு மாற்றி எழுதுவதைத் தடுக்கின்றன. மூன்றாவது, அதை நம் பத்திரத்தில் செருகுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே எழுதிய பெயர் அப்படியே இருக்கும், புதிதாக எழுத முடியாது. கிருமி ரத்தத்தில் குறைந்து குறைந்து, சோதனையில் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குப் போகும். பல பேருக்கு ஆறு மாதத்துக்குள் இது நடந்துவிடும். தலையாரிகள் மெல்ல மெல்லத் திரும்ப வருவார்கள். சீக்கிரம் தொடங்கித் தவறாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் வாழலாம். முன்பெல்லாம் சி.டி.4 இறங்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். 2017-லிருந்து இந்தியாவில் கிருமி இருக்கிறது என்று தெரிந்தாலே சிகிச்சைதான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குக் கிருமி பரவாது. ஆயிரக்கணக்கான உறவுச் சம்பவங்களைக் கணக்கெடுத்துப் பார்த்து உறுதி செய்த உண்மை இது. மாத்திரையை நிறுத்தினால்? சில வாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த அணுக்கள் விழித்துக்கொள்ளும். கிருமி பழையபடி கிளம்பும்.

நம் லாரிக்காரர் கதை இங்கேதான் கசக்கிறது. மூன்று வருடமாக அவருக்குக் கிருமி கண்டறிய முடியாத அளவு. மனைவிக்கு ஒவ்வொரு முறையும் சோதித்ததில் 'இல்லை'. குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர் ஒருவர்தான், "ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு அப்புறம் பெத்துக்க கண்ணு" என்று அந்த போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். மாத்திரையை நிறுத்தினார். லேகியம் முடிந்தது. 'சுத்தமாகிவிட்டது' என்ற நம்பிக்கையில் குடும்பம் நடத்தினார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரையும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தேன். அவருக்குக் காசநோய். மனைவிக்கு இப்போது கிருமி 'இருக்கிறது' என்று வந்தது. கூடவே, மூன்று மாதக் கர்ப்பம்.

அந்தப் பெண் போனில் என்னிடம் அழவில்லை. "அய்யா, பிள்ளைக்காச்சும் வராம இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கும். இதைக் கர்ப்பிணிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து. தாய் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, குழந்தைக்குப் பிறந்தவுடன் மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கும். அதனால்தான் கர்ப்பம் என்றவுடன் எல்லோருக்கும் இந்தச் சோதனையும் செய்கிறார்கள். 'என்னைப் போய் சந்தேகப்படுறாங்களே' என்று கோபப்படாதீர்கள். இவர் அன்றைக்கே மாத்திரை தொடங்கினார். அரசு மருத்துவமனையில் பிரசவம். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதல் சோதனை, பிறகு இடையிடையே, கடைசியாகப் பதினெட்டாவது மாதம். எல்லாவற்றிலும் 'இல்லை'. போன பலாப்பழ சீசனில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருந்தார்கள். என் கல்வத்தைத் தட்டி விளையாடியது.

கணவரும் காசநோய் மருந்து முடித்துத் திரும்ப வண்டி ஓட்டுகிறார். மனைவிக்கு மட்டும், தேவையே இல்லாமல், ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. அந்த லேகியத்தின் விலை நாற்பதாயிரம் என்று நான் எழுதியது தப்புதான்.

அப்படியானால் சித்த மருத்துவம் எதற்கு?

கோபித்துக்கொண்டு சிலர் கேட்கலாம். வாய்ப்புண், அஜீரணம், மலச்சிக்கல், தோல் அரிப்பு, பசியின்மை இவற்றுக்கெல்லாம் நாங்கள் உதவ முடியும். ஆனால் ஒரு நிபந்தனை. உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதையும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எங்களிடம் மறைக்காதீர்கள். நாங்கள் கொடுப்பதை ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடமும் மறைக்காதீர்கள்.

காரணம் இருக்கிறது. டோலுடெக்ராவிர் மருந்தை இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. எங்கள் சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் எல்லாம் சுண்ணாம்பு. அன்னபேதிச் செந்தூரம் இரும்பு. வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கும் ஜெலுசில் மாதிரி மருந்தும் இதே வகைதான். இவற்றில் எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும் எச்.ஐ.வி. மாத்திரையை அதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ, ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். நான் எழுதிக்கொடுப்பது, ஒன்று காலை, ஒன்று இரவு.

ரசம் சேர்ந்த மருந்துகளை இவர்களுக்கு நான் இப்போது கொடுப்பதே இல்லை. ரசம் என்றால் பாதரசம். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யக்கூடியது, அதற்காகவே அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பாதரசமும் போய் உட்காரும் இடம் அதே சிறுநீரகம். இரண்டு சுமையை ஏன் ஒரு மாட்டின் மேல் ஏற்ற வேண்டும்? என் சகோதர வைத்தியர்களில் சிலருக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

சாப்பாட்டில் விசேஷப் பத்தியம் ஒன்றுமில்லை. எங்கள் மலையில் சாமை, ராகி, வாழைப்பழம், பலா, கீரை. கூடவே முட்டை. நாமக்கல்காரன் முட்டையைச் சொல்லாமல் விடுவேனா! பச்சை முட்டை, சரியாக வேகாத கறி, கொதிக்க வைக்காத தண்ணீர் மட்டும் வேண்டாம், முக்கியமாக சி.டி.4 குறைந்திருக்கும்போது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் சி.டி.4 ஏறும் என்பது வெறும் கதை. சூப் நன்றாக இருக்கும், குடியுங்கள்.

சந்தேகம் வந்தால்

ஆபத்தான தொடர்பு ஏற்பட்டது நேற்றுதான் என்றால் காத்திருக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால், டாக்டர் பார்த்து 28 நாள் தடுப்பு மருந்து கொடுக்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும், ஊசி குத்திக்கொண்ட நர்ஸ்களுக்கும் இது மிக முக்கியம்.

நாள் ஆகிவிட்டது என்றால் சோதனை. கிருமி நுழைந்த உடனே சோதனையில் தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை மாதத்துக்குள் தெரிந்துவிடும், மூன்று மாதம் கழித்து எடுக்கும் சோதனையை நம்பலாம். முதல் சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள், அதுவரை ஆணுறை. 'இருக்கிறது' என்று வந்தால் அதே மாதிரியை வேறு வேறு வகைச் சோதனைகளில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். ஒரு தனியார் லேபில் ஒரே ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு மனம் உடைந்து தப்பான முடிவுக்குப் போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். வெட்டை, புண், வெள்ளை என்று என்னிடம் வருகிறவர்களையும் நான் முதலில் சோதனைக்கு அனுப்புகிறேன். பிறப்புறுப்பில் புண் இருந்தால் எச்.ஐ.வி. நுழைவது இன்னும் சுலபம்.

அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று இருக்கும். சோதனையும் ஆலோசனையும் இலவசம், முடிவை உங்களிடம் மட்டும்தான் சொல்வார்கள். கிருமி இருந்தால் அங்கிருந்தே ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். மாத்திரைக்கு ஒரு பைசா கிடையாது. ஊருக்குள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தால், மலையில் பலர் செய்வது போல அடுத்த ஊர் மையத்துக்குப் போங்கள், தப்பில்லை. அதற்கும் முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 1097 என்ற நம்பருக்கு போன் செய்யுங்கள். அதற்குக் காசு இல்லை. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதும் இல்லை.